மலை வண்டிக்கு மாற்று எஞ்சின்: சட்டம் வழிவிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களை ஒன்றுவிடாமல் பறிமுதல் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், காதைப் பிளக்கும் சைலன்சர்கள், சக்கர வளைவுக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர்கள் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மூச்சில், பழைய ஜீப்புகளுக்கு வேறு எஞ்சின் வைப்பவர்களையும் அவர் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திவிட்டார். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோத்தகிரியில் வசிக்கிறேன். எஞ்சின் மாற்றம் என்பதை ஆடம்பரம் என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்லிவிடலாம். மலையில் அது பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

கோத்தகிரியை அடுத்த சோலூர்மட்டம், கரிக்கையூர் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தார்ச்சாலை முடிந்துபோன பிறகும் அங்கே வீடுகள் இருக்கின்றன. தோட்டங்களுக்குள் இறங்கும் மண்தடம் மழைக்காலத்தில் பாதி ஓடையாகிவிடும். பச்சைத் தேயிலை மூட்டை மேலே வர வேண்டும். உரமும் அரிசியும் சமையல் எரிவாயு உருளையும் கீழே போக வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பெரியவரோ வலி எடுத்த கர்ப்பிணியோ மருத்துவமனைக்கு வர வேண்டும். இதையெல்லாம் செய்வது நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகள்தாம். மஹிந்திரா ஜீப்புகள் ஒருபுறம் இருக்க, நான் பேச வந்தது மாருதி ஜிப்ஸியைப் பற்றி. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, குறுகலான உடல், நான்கு பக்கமும் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). சேற்றில் புதைந்தால்கூட நான்கு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். அதற்கு ஈடான வண்டி மலைத்தடத்துக்கு இன்னும் வரவில்லை என்பது என் முடிவான கருத்து.

1985 டிசம்பரில் அந்த வண்டி அறிமுகமானபோது அதில் இருந்தது 970 சி.சி. பெட்ரோல் எஞ்சின்; 45 குதிரைத்திறன், நான்கு கியர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். 1996இல் ஜிப்ஸி கிங் என்ற பெயரில் 1298 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன, அப்போதும் கார்புரேட்டர்தான். 2000ஆம் ஆண்டில்தான் கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் 16 வால்வு எஞ்சின் வந்தது. கொள்ளளவு அதே 1298 சி.சி.; திறன் 80 குதிரைத்திறன். பட்டறைகளில் எம்.பி.எஃப்.ஐ. என்று சொல்வது இதைத்தான். பின்னர் ஜிப்ஸியின் விற்பனையே பொதுமக்களுக்கு நின்றுபோனது. 2023இல் அதே கம்பெனி கொண்டுவந்த ஜிம்னியின் தொடக்க விலையே பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஓரிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியிடம், பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சரி, பழைய எஞ்சினையே பழுதுபார்த்து ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். ஓட்டலாம், ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கார்புரேட்டருக்கும் மலைக்கும் ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் மேலேறிக் கலக்கிறது. எவ்வளவு காற்று போகிறது என்பதை அது கன அளவில்தான் உணரும். அந்தக் காற்று அடர்த்தியானதா, மெலிந்ததா என்று அதற்குத் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தியில் ஆள் குறைந்ததைக் கவனிக்காமல் வழக்கமான அளவு உப்பையே அள்ளிப் போடும் சமையல்காரர் என்று என் வகுப்பில் சொல்வேன். இந்த உயரத்தில் கலவையில் பெட்ரோல் தேவைக்குமேல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த மிகுதி முழுதாக எரியாமல் கரும்புகையாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே வருகிறது, பிளக் கறுத்துப்போகிறது, வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

சிறிய ஜெட் மாற்றினால் தீர்ந்ததே என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். மேலேயே நிற்கும் வண்டி என்றால் தீரும். எங்கள் வண்டிகள் காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி மாலையில் ஏறுகின்றன. முப்பதுசொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்குள் 1400 மீட்டருக்கும் மேலான உயர வேறுபாடு. மலைக்கு ஏற்ற ஜெட்டோடு கீழே போனால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறித் தட்டும். கீழ்நாட்டுக்கு ஏற்ற ஜெட்டோடு மேலே வந்தால் புகை. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே ஜெட் கிடையாது.

இதைவிடப் பெரிய தொல்லை மிதவைக் கிண்ணம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் நிற்கிறது. மிதவை அதன் மட்டத்தைக் காக்கிறது. வண்டி சாய்ந்தால் கிண்ணத்துப் பெட்ரோலும் சாயும். ஒரு பக்கச் சாய்வில் ஜெட்டுக்குப் பெட்ரோல் எட்டாது. மறுபக்கச் சாய்வில் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும். சேறான சரிவில், பக்கவாட்டில் பள்ளம் இருக்கும் இடத்தில்தான் எஞ்சின் அணையும். மீண்டும் உயிர்ப்பிக்கும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டியில் பின்னால் நோயாளி படுத்திருக்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்து வைத்து நெடுநேரம் ஓடவிட வேண்டியிருப்பது இன்னொரு கேடு. ஆவியாகாத பச்சைப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். மலை வண்டிகளின் பிஸ்டன் ரிங்குகள் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய ரப்பர் வாஷரும் டயாபிரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இன்ஜெக்டர் எஞ்சினில் இந்தத் தொல்லைகளின் வேரே இல்லை. காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்த உணரியும் வெப்பநிலை உணரியும் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிக்குச் சொல்கின்றன. அதற்கு ஏற்பத்தான் இன்ஜெக்டர் திறக்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி, எரிந்து வந்ததைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறது. உயரம் கூடினாலும் குறைந்தாலும் கலவை சரியாக நிற்கும். மிதவைக் கிண்ணமே இல்லாததால் சாய்வில் எஞ்சின் அணையாது. இறக்கத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. இதை ஓட்டுநர்கள்கூடப் பெரிதாகப் பேசுவதில்லை. சிறிய கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். எஞ்சின் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு வண்டியைப் பிடித்து வைக்கும். கார்புரேட்டர் எஞ்சினோ அப்போதும் ஐட்லிங் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிச் சைலன்சருக்குள் வெடித்துக்கொண்டே இறங்கும்.

இந்த எஞ்சினைப் பழைய ஜிப்ஸியில் பொருத்துவது நடக்கிற காரியமா? நடக்கிற காரியம்தான். சாலைக்கு வராத, பயிற்சிக்கென்றே வைத்திருந்த பழைய வண்டியில் மாணவர்களைக் கொண்டு செய்து பார்த்திருக்கிறோம். புகை அளவியைப் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தபோது, எஞ்சின் சூடேறிய பிறகு கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்கும் கீழே நின்றது. ஜிப்ஸியின் அமைப்பே இந்த வேலைக்கு இடம் கொடுக்கிறது. மற்றப் பல ஜீப்புகளில் முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியே இருக்கும். ஜிப்ஸியில் அது தனியாக, சட்டகத்தில் தனி மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விசையைக் கடத்தும் ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதனால் புதிய எஞ்சினை அதற்குரிய ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்தே இறக்கிவிட்டு, நடு ஷாஃப்ட்டின் நீளத்தையும் கோணத்தையும் அளந்து சரிசெய்தால் பின்னால் உள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. காரிலிருந்து எடுத்த எஞ்சின் என்றால் தலைவலி அதிகம். காரில் அது குறுக்குவாட்டில் இருந்தது. இங்கே நீளவாட்டில் உட்கார வேண்டும். சம்ப், மவுண்ட், மேனிஃபோல்டு எல்லாம் முட்டும். ஆகவேதான் ஜிப்ஸிக்கு ஜிப்ஸியின் எஞ்சினே என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

எஞ்சினைத் தூக்கி வைப்பது வேலையின் சிறு பகுதி. உண்மையான வேலை பெட்ரோல் குழாயிலும் ஒயரிங்கிலும் பிரேக்கிலும் இருக்கிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் பழைய பம்பின் அழுத்தம் மிகச் சொற்பம். இன்ஜெக்டருக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அதற்கு டாங்குக்குள் மின்சார பம்ப், அதைச் சுற்றித் தடுப்புத் தகடு, உயர் அழுத்தம் தாங்கும் குழாய், அதற்கென்று உள்ள கிளாம்ப் எல்லாம் தேவை. தடுப்புத் தகடு இல்லாவிட்டால் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாயையே விட்டுவைத்தால் ஒருநாள் அது சூடான எஞ்சின் மேல் வெடிக்கும். கணினியை மழை நீரும் ஓடை நீரும் எட்டாத உயரத்தில், டாஷ்போர்டுக்குள் பொருத்த வேண்டும். துருப்பிடித்த சட்டகத்தில் பெயருக்கு எர்த் கொடுத்தால் உணரிகள் பொய் சொல்லும். எஞ்சின் பிளாக் அலுமினியம். கொதிக்கவிட்டால் ஹெட் வளைந்துவிடும். ஆகவே ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும்.

பிரேக்கைப் பற்றி இரண்டு கருத்துக்கே இடமில்லை. 45 குதிரைத்திறனுக்காகச் செய்த வண்டியில் 80 குதிரைத்திறனை வைத்துவிட்டு, நிறுத்தும் திறனை அப்படியே விட்டுவைப்பவர் மெக்கானிக்கே அல்ல. முன் சக்கரத்தில் டிரம் இருந்தால் டிஸ்க் வர வேண்டும். மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வர வேண்டும். அந்த எஞ்சினோடு கம்பெனி என்ன பிரேக் கொடுத்ததோ அதுவே இங்கும் வர வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. சட்டம் எழுதப்பட்டபடி அது தீர்ப்புச் சொன்னது. வண்டியின் வடிவமைப்பைத் தேர்வு செய்து சான்றளித்த பிறகு ஆளாளுக்கு அதைக் கலைத்தால் அந்தச் சான்றுக்குப் பொருள் இல்லாமல் போகும் என்ற கவலையும் நியாயமானது.

என் கேள்வி வேறு. அதே 52ஆம் பிரிவு, எரிபொருளை மாற்றுவதற்கு மட்டும் கதவு திறந்து வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி பெட்ரோல் வண்டியை எரிவாயுவில் ஓட்டலாம், பேட்டரிக்கும் மாற்றலாம். வேண்டியதுதான். ஆனால் இருபது, முப்பது ஆண்டு பழைய வண்டிக்குள் எரிவாயு உருளையை வைக்க வழி இருக்கும்போது, அதே கம்பெனி அதே ஜிப்ஸிக்காகவே தயாரித்து, முறையாகச் சோதிக்கப்பட்டு, ராணுவமும் காவல்துறையும் ஓட்டிய எஞ்சினை வைக்க ஏன் வழி இல்லை? தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து விலகல் என்கிறார்கள். அந்த எஞ்சினை ஜிப்ஸிக்குக் குறிப்பிட்டதே தயாரிப்பாளர்தான்.

புகைச் சான்று விதிகளைப் பாருங்கள். 2000க்கு முன் தயாரான நான்கு சக்கர பெட்ரோல் வண்டி ஐட்லிங்கில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடும் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரை ஹைட்ரோகார்பனும் விடலாம். பின்னர் வந்த பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக் காலத்து வண்டிக்கு வரம்பு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும். அதாவது 1990இல் வந்த ஜிப்ஸி ஆறு மடங்கு நச்சு வாயு விட்டுக்கொண்டு சான்றிதழோடு ஓடலாம். அதை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கும் எஞ்சினை வைத்தால் உரிமையாளர் சிறைக்குப் போகலாம். பிளாஸ்டிக் பையைக்கூட மலைக்குள் விடமாட்டோம் என்று உறுதியாக நிற்கும் நீலகிரி மாவட்டத்தில் இந்த நிலை நீடிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

என் மாணவர் ஒருவர் சிறு தேயிலை விவசாயி. அவருடைய வண்டி 970 சி.சி. காலத்தது. விபத்தில் உடல் நொறுங்கி, இனி ஓடாது என்று பதிவு ரத்தான எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸி ஒன்றின் எஞ்சினை, கியர் பெட்டி, கணினி, ஒயரிங் சகிதம், ரசீதோடும் ரத்துச் சான்றின் நகலோடும் வாங்கினார். பொருத்துவதற்கு முன்பே அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினோம். பிரேக்கை மாற்றுவோம், புகைச் சோதனைக்கு எங்கு கூப்பிட்டாலும் வருவோம் என்று அதில் தெளிவாகக் குறிப்பிட்டோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பதிவேட்டில்கூட ஏற்றவில்லை. அதே வகை எஞ்சின் என்றால் பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணை மாற்றித் தருவோம், இது வேறு வகை, இதற்குப் படிவமே இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அதிகாரியிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் விதி இல்லை, என்ன செய்வார்? எஞ்சின் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. வண்டி புகை கக்கிக்கொண்டு இலை சுமக்கிறது.

எல்லோரும் என் மாணவரைப் போல அனுமதி கேட்டுக் காத்திருப்பதில்லை. வழி அடைபட்டதால் வேலை இருட்டுக்குள் போய்விட்டது. ரசீது இல்லாத எஞ்சின் வருகிறது. பழைய எஞ்சினின் எண்ணைப் புதிய பிளாக்கில் குத்தும் குற்றமும் நடக்கிறது. விபத்து நடந்தால், பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம். இடிபட்ட அப்பாவியின் குடும்பமும் சேர்ந்து அலையும். ஆக்சிஜன் உணரியைக் கழற்றிவிடுகிறார்கள், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறிகிறார்கள். பிறகு அந்த எஞ்சினும் பழையதைப் போலவே புகைக்கிறது. என்னைத் தூங்கவிடாத விஷயம் இன்னொன்று. இந்த எஞ்சின்களில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் கணினியின் பொறுப்பு. எஞ்சின் சுழலவில்லை என்றால் கணினி பம்பை நிறுத்திவிடும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் நிற்பதற்கான பாதுகாப்பு அது. அவசர வேலை செய்பவர்கள், கணினி இயக்கும் சுவிட்சான ரிலேயைத் தவிர்த்துவிட்டு, சாவியிலிருந்து நேராக பம்புக்கு ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டி சரிவில் கவிழ்ந்து, குழாய் அறுந்து, சாவி திறந்தபடி இருந்தால் பம்ப் தொடர்ந்து பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள். ஓர் ஆய்வாளர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய தவறு இது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி, டாங்கின் அருகே காது கொடுத்தால் போதும். சில நொடிக்குப் பிறகும் பம்ப் சத்தம் கேட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் எஞ்சின் மாற்றியதையே மறைத்து ஓட்டும் வண்டியை எந்த ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள்?

இதற்கு முறையான வழி இல்லாமல் இல்லை. வாகனப் புகை விஷயத்தில் மிகக் கண்டிப்பான இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கேயே எஞ்சின் மாற்றத்துக்கு இடம் உண்டு. வைக்கும் எஞ்சின் வண்டியின் ஆண்டுக்குச் சமமானதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், முந்தையது கூடாது. அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். பின்னர், இதற்கென்றே உள்ள நடுவரிடம் வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும். அதன் பிறகும் அந்த வண்டி வழக்கமான புகைச் சோதனைக்கு வர வேண்டும்.

நம் நாட்டில் 2019 திருத்தம், வாகன மாற்றங்களுக்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகாமல் விதித் திருத்தத்தாலேயே இதைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, மலை மாவட்டங்களின் நிலையை எடுத்துச் சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கதவை அகலத் திறக்கச் சொல்லவில்லை. அதே தயாரிப்பாளர் அதே மாடல் வரிசைக்குப் பிற்காலத்தில் கொடுத்த எஞ்சின் மட்டும் போதும். யார் யாரோ டீசல் எஞ்சினையும் பெரிய கார் எஞ்சினையும் ஜிப்ஸிக்குள் திணிப்பதற்கு அனுமதி தரவே கூடாது. எஞ்சின் கொடுத்த வண்டியின் பதிவு 55ஆம் பிரிவின்படி ரத்தாகியிருக்க வேண்டும். அப்போது திருட்டு எஞ்சினுக்கு இடமிருக்காது. பிரேக் பிற்கால மாடலுக்குச் சமமாக வேண்டும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு டாஷ்போர்டில் வேலை செய்ய வேண்டும். அது எரிந்து அணைவதைப் பார்த்தே கணினியும் உணரிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஆய்வாளர் அறிந்துகொள்ளலாம். புகை வரம்பு 3 சதவீதமாக இல்லாமல் 0.5 சதவீதமாகப் பதிவுச் சான்றிலேயே எழுதப்பட வேண்டும். இதற்குக் கட்டணம் வைத்தாலும் எங்கள் மக்கள் கட்டுவார்கள். இப்போது மறைவில் செலவழிப்பதைவிட அது குறைவாகவே இருக்கும்.

பழைய வண்டிகளை எல்லாம் கழித்துக்கட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று படித்தவர்களே பேசுகிறார்கள். நகரத்தில் பேருந்தும் ஆட்டோவும் வாசலுக்கு வருகின்றன. அங்கே அந்த வாதம் செல்லும். தார்ச்சாலை முடியும் இடத்துக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு மாற்று வண்டி எது என்று சொல்லிவிட்டுப் பிறகு கழிக்கட்டும். ஒரு சட்டகத்தையும் உடலையும் புதிதாகச் செய்தெடுக்கச் செலவாகும் இரும்பும் நிலக்கரியும் கணக்கில் வராதா? துருப்பிடிக்காத சட்டகம் உள்ள ஜிப்ஸி இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

துறை அதிகாரிகளோ, வாகனப் புகையைப் பற்றி அக்கறையுள்ள தங்கள் செய்தியாளரோ நேரில் பார்க்க விரும்பினால், என் மாணவர் தம் வண்டியையும் தார்ப்பாயின் கீழ் உள்ள எஞ்சினையும் காட்டத் தயாராக இருக்கிறார். அவருடைய கார்புரேட்டர் எஞ்சினின் புகையை மேட்டுப்பாளையத்தில் ஒரு முறையும் கோத்தகிரியில் ஒரு முறையும் அளந்து பார்க்கட்டும். பயிற்சிக்காக நாங்கள் செய்த வண்டியையும் அதே அளவியால் அளக்கட்டும். அளவிக்கான வாடகையை நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.